ஒரே எண்ணில் மூன்று வண்டி

பிராம்லோ மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பந்தயப் பட்டறையில் ஒரு ரகத்தில் செய்தது மூன்றே வண்டி. கம்பெனி மூடிய பிறகு, அங்கே மெக்கானிக்காக இருந்த ஈனாக் ட்ரான்டர் அதில் ஐந்தைப் பார்த்துவிட்டார். ஐந்தும் போலி. வாங்கி ஏமாந்த ஒவ்வொருவரும் பர்மிங்ஹாமில் அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "இது அசல்தானே?" என்று அவரைத்தான் கேட்பார்கள். இப்போதெல்லாம் மணி அடித்தாலே அவருக்கு அலுப்பு தட்டிவிடும்.

இந்தத் தடவை கேட்டது பெரில், டென்சிலின் மனைவி. டென்சில் அந்தப் பட்டறைக்காக ஓட்டியவன். பெல்ஜியத்தில் கொட்டும் மழையில் ஜெயித்தவன். போன மார்ச்சில் நுரையீரல் கெட்டு, படுத்த கட்டிலிலேயே செத்துப்போனான். அவன் ஜெயித்த வண்டி ஷ்ராப்ஷயரில் ஒருவரிடம் இருக்கிறதாம்.

"ஒரு தடவ தொட்டுப் பாக்கணும் ஈனாக். அது அவன் வண்டிதான்னு நீ சொன்னாத்தான் தொடுவேன். எவன் வண்டியையோ தடவி அழுதுட்டு வர நான் தயாரா இல்ல."

போகும் வழியெல்லாம் தூறல். பெரில் காரை ஓட்ட, ஈனாக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பதினைந்து வயதில் பட்டறைக்குள் நுழைந்தவர். வருஷம் பூராவும் பார்த்துப் பார்த்துச் செய்ததை, பந்தயங்கள் முடிந்ததும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அறுத்துப் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரும். வெளியே போனால் போட்டிக் கம்பெனிக்காரன் பிரித்துப் பார்த்துவிடுவான் என்ற பயம். அறுத்தது ஈனாக்கின் கை. மறுநாளே அதே கை அடுத்த வண்டிக்குக் குழாய் வளைக்கும். அந்த அசதி இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை.

ஷ்ராப்ஷயரில் ஒரு பழைய விமானத் திடலில் அந்தப் பந்தய வண்டி நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் பெம்பர்தி, ஓய்வுபெற்ற பல் டாக்டர், தான் நனைந்துகொண்டு வண்டிக்குக் குடை பிடித்திருந்தார்.

"ஃபிரேம்ல எண்ணைப் பாருங்க மிஸ்டர் ட்ரான்டர்!"

ஈனாக் குனிந்தார். எண்ணிலிருந்த நான்கு, அவர் அடிக்கும் வழக்கப்படியே, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"நான் அடிச்ச எண்தான்."

பெம்பர்திக்கு வாயெல்லாம் பல்.

"மூணு ஃபிரேம்லயும் இதையேதான் அடிச்சேன்."

"என்னது?"

"கடல் தாண்டிப் போனா சுங்கக்காரன் எண்ணைப் பாப்பான். எங்ககிட்ட ஒரு வண்டிக்குத்தான் பேப்பர். ஒண்ணு விழுந்து வளைஞ்சா இன்னொண்ணை எடுத்துட்டுக் கிளம்பணுமே. எங்க பட்டறையில அதான் வழக்கம்."

"மத்த ரெண்டு?"

"அறுத்துட்டேன். எதை அறுத்தேன், எதை விட்டேன்னு எனக்கே தெரியாது. மூணும் அச்சு அசலா ஒரே மாதிரி."

"ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்று பெம்பர்தி சுற்றுமுற்றும் பார்த்தார்.

'இதுதான் அவன் வண்டி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை ஈனாக் சும்மா சொல்ல மாட்டார் என்றுதானே பெரில் அவரைக் கூட்டி வந்தாள்? அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"அப்ப டென்சிலோடதை நீயே அறுத்துப் போட்டிருக்கலாம்."

"இருக்கலாம்."

"இது அவனோடதாவும் இருக்கலாம்."

"மூணுல ஒரு வாய்ப்பு. அதுக்கு மேல கேக்காத பெரில்."

பெரில் மூக்கை உறிஞ்சினாள். "டென்சில் குதிரைமேல பணம் கட்டினதெல்லாம் நூத்துல ஒரு வாய்ப்புதான். ஒண்ணாவது ஜெயிச்சுதா? மூணுல ஒண்ணுன்னா வீட்டையே பந்தயம் கட்டியிருப்பான், படுபாவி."

கையுறையைக் கழற்றிப் பெட்ரோல் டாங்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகு நேரம் கையை எடுக்கவே இல்லை. பெம்பர்தி குடையை அவள் தலைக்கு மேலே நகர்த்தினார்.

"ஜில்லுனு கிடக்கு. கிளப்புங்கப்பா, சத்தத்தையாவது கேப்போம்."

பந்தய வண்டி, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். பெம்பர்தி ஏறி உட்கார்ந்து, தள்ள ஆள் தேடித் திரும்பினார். ஈரத் திடலில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. ஈனாக் ஒரு பெருமூச்சு விட்டு, கோட்டைக் கழற்றிப் பெரிலிடம் கொடுத்தார்.