ஒரே கேள்வி, இரண்டாம் தரம்

ஒரே கேள்வித்தாளோடு ஒருவனை இரண்டாம் தரமும் கூப்பிட்டால் அவனுக்குப் பைத்தியம் உறுதி என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு ஐம்பதை எட்டும் வயது. மன்னாரில் பள்ளிக்கூட வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். புத்தியுள்ளவன் என்று ஊரில் பலர் என்னைப் பற்றி ஏமாந்தும் இருந்தார்கள்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இடம்பெயர்ந்து திரும்பிய சனங்களின் மனநிலையை அளக்கவென்று தமிழில் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, மாதா கோயில் மண்டபத்தில் மேசை போட்டு எங்களில் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டாள். நித்திரை வருகிறதா, திடீர்ச் சத்தத்துக்குப் பயமா, சாப்பாட்டில் விருப்பம் உண்டா என்று கேட்டாள். நான் கலியாணத் தரகரிடம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து இன்னொரு தரம் கேட்பேன் என்று அன்றைக்கே சொன்னாளாம். நான் அப்போது மேசையிலிருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மறுபடியும் வரச்சொல்லி ஆள் வந்தபோது, பைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூளை பிசகியவன் என்று எழுதிவிட்டால் எந்தத் தாய் தன் பிள்ளையை என் வானில் ஏற்றுவாள்? எங்கள் வீட்டு அடுப்பு அந்த வானால்தான் எரிந்தது.

எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி இருந்தது. சண்டைக் காலத்தில் ஆமியின் சென்றிக் காவலரணில் நிறுத்தி, எங்கே போனாய், ஏன் போனாய் என்று இரண்டாம் தரம் கேட்டால், முதல் சொன்னதையே சொல்ல வேண்டும். உண்மையோ பொய்யோ, சொல் மாறக்கூடாது. மாறியதால் வீட்டுக்கு வராமலே போனவர்கள் இருக்கிறார்கள். எனவே என் பழைய பதில்களைப் பாடமாக்கத் தொடங்கினேன். சந்தையில் விசாரித்தேன். கூப்பிடப்பட்ட மற்றவர்களும் அதே வேலையில்தான் இருந்தார்கள்.

கேள்வி கேட்கும் வேலையை மனைவியிடம் கொடுத்தேன். அவள் முற்றத்தில் சூடை மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள். சாப்பாடு சரி, சத்தம் சரி, எல்லாம் நன்றாகவே போனது. பிறகு நித்திரைக் கேள்வி வந்தது.

"நல்லாக் கொள்ளுறன் எண்டு சொன்னனான்" என்றேன்.

அவள் கத்தியை வைத்தாள். "அப்ப விடிய விடிய விறாந்தையில கதிரையை இழுக்கிறது ஆர்? கழுதையோ?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் முழிச்சுத்தானே கிடக்கிறன்."

பிறகு அவள் மீனைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருடமாக, அவள் எழும்பிவிடக்கூடாதென்று கதிரையை மெல்ல மெல்ல இழுத்தவன் நான்.

சொன்ன நாளில் மண்டபத்துக்குப் போய் ஒப்புவிக்கத் தொடங்கினேன். அந்தப் பிள்ளை நித்திரையைப் பற்றிக் கேட்டாள். வாய் பாடத்தை விட்டுவிட்டது. "இல்லைப் பிள்ளை, வாறேல்லை" என்று சொல்லிவிட்டேன். உடனே, சொல் மாறிவிட்டதே என்று எழும்பி நின்றேன். அதை வெட்டி எழுதச் சொல்லி, வான், பிள்ளைகள், அடுப்பு எல்லாவற்றையும் சொல்லி மன்றாடினேன்.

அவள் பேனையை வைத்துவிட்டு, "ஐயா, நாங்கள் உங்களைச் சோதிக்கேல்லை. இந்தத் தாளைத்தான் சோதிக்கிறம்" என்றாள். மீன் வாங்கி விற்கும் வாடியில் தராசு சரியா என்று பார்க்க ஒரே மீனை இரண்டு தரம் போடுவார்களே, அதுபோலத்தானாம். இரண்டு தரமும் ஒரே நிறை காட்டினால் தாளை நம்பலாமாம். ஆனால் இந்த ஊர்ச் சனம் ஒரு சொல்லும் பிசகாமல் அதே பதிலைச் சொல்வதுதான் தனக்கு விளங்கவில்லை என்றாள். சென்றிக் கதையைச் சொன்னேன். அவள் பேனையை எடுத்து அதைத் தாளின் ஓரத்தில் எழுதினாள்.

"உங்கட தராசில பிழையில்லைப் பிள்ளை" என்றேன். "போன முறை மீன்தான் பொய் சொன்னது."

பாடமாக்கிய பதில்களால் தாளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதென்று, அவர்கள் வேறொரு ஊரில் முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்தத் தாளில் என் பெயரே இருக்கவில்லை, ஒரு இலக்கம்தான் இருந்தது. வான் ஒரு நாளும் நிற்கவில்லை. நித்திரைக்கு மருந்து கேட்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டரைப் பார்க்க இரண்டு இலக்கத் துண்டு எடுத்தோம், எனக்கொன்று, அவளுக்கொன்று.