அப்பா வைத்த ஜீரோ

முதலாமாண்டு திதிக்கு வந்து, சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு போகிற சொந்தபந்தங்களுக்கும், அப்பாவின் பட்டறையில் இன்ஜின் கொடுத்து வாங்கிப் பழகிய அன்பர்களுக்கும் மகளின் வணக்கம். அட்டையில் அப்பா சிரிக்கிற படம் போட்டிருக்கிறோம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு பீரோவைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. அப்பா சிரித்து எடுத்த படம் அது ஒன்றுதான்.

செத்துப்போன மாடு குடம் குடமாகக் கறந்ததாம் என்பார்கள். நினைவு மலர்களும் அப்படித்தான் இருக்கும். அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பாவும், "நல்லதா நாலு வரி எழுதுத்தா, படிக்கிறவுக கண்ணுல தண்ணி வரணும்" என்றுதான் சொன்னார்கள். நல்லதையும் எழுதுகிறேன், உள்ளதையும் எழுதுகிறேன். தண்ணீர் வருவதும் வராததும் உங்கள் கண்ணைப் பொறுத்தது.

அப்பா பிறந்தது கொத்தமங்கலத்தில். இரண்டு குறுக்கம் நிலம், வானம் பார்த்த பூமி, மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் பட்டினி. பதினான்கு வயதில் தகப்பனாரை இழந்து காரைக்குடிக்கு வந்து, ஒரு பட்டறையில் மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் இன்ஜின் சாமான் கழுவினார்கள். கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்து கிடந்தது என்று சித்தப்பா சொல்வார்கள். அந்தக் கையோடு தொழில் கற்று, முப்பது வயதுக்குள் கழனிவாசல் போகிற வழியில் சொந்தமாக ரீபோரிங் பட்டறை வைத்தார்கள். தேய்ந்துபோன சிலிண்டரைக் கடைந்து, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்குத் தக்கபடி புது பிஸ்டன் போடுகிற வேலை. டிராக்டர், பம்புசெட், லாரி என்று சுற்றுப்பட்டிலிருந்து எல்லாம் அப்பாவிடம்தான் வந்தது. சொன்ன நாளில் கொடுப்பார்கள். அம்மா இறந்த அன்றுகூடச் சாயங்காலம் பட்டறைக்குப் போய், வாக்குக் கொடுத்திருந்த ஒரு சிலிண்டரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினைந்து. எங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

அப்பாவின் உயிர் போர் கேஜில் இருந்தது. பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். துளையின் உள்வாய் எவ்வளவு என்று அளக்கிற கருவி அது. முழங்கை நீளத் தண்டு, உச்சியில் கடிகாரம் மாதிரி ஒரு முகம். அடியில் ஒரு பக்கம், துளைக்கு ஏற்றபடி நீளம் மாற்றிப் பொருத்துகிற சின்னக் கம்பி; மறுபக்கம் உள்ளே அமுங்குகிற முனை. துளைக்குள் இறக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினால் முள் நகரும், திரும்புகிற இடம்தான் அளவு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வருவது ஒரு பாயிண்ட். அந்த ஒரு பாயிண்டையும் அது காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. மைக்ரோமீட்டரில் அளவு வைத்து, அதன் வாய்க்குள் கேஜைக் கொடுத்து, முள்ளை ஜீரோவில் நிறுத்த வேண்டும். ஜீரோ தப்பினால் எல்லாம் தப்பு.

அந்த ஜீரோவை அப்பாதான் வைப்பார்கள். காலையில் சூடம் கொளுத்தியதும் வைத்துவிட்டு, வைத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக மிஷின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்கள். சாயங்காலம் வரை அந்த ஜீரோவில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை வேலைக்கு வந்த ஒருவர் மதியம் ஒரு சந்தேகத்தில் மைக்ரோமீட்டரை எடுத்துச் சரிபார்த்துவிட்டார். "என் கண்ண நம்பாதவனுக்கு என் பட்டறையில என்னப்பா வேலை?" என்று அப்போதே அனுப்பிவிட்டார்கள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதற்குப் பிறகு அப்பா வைத்த ஜீரோவைச் சரிபார்ப்பது, அப்பாவைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம் என்று ஆகிவிட்டது.

வீட்டிலும் அப்படித்தான். என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம் விரலில் கொஞ்சம் ஆடியது. அப்பா அதைக் கழற்றிக்கொண்டு, என் விரலையும் அளந்துகொண்டு, வண்டியை எடுத்துப் பட்டறைக்குப் போய்விட்டார்கள். தாம்பாளத்தோடு அத்தனை பேரும் காத்திருந்தோம். திரும்பி வந்து சபை நடுவில், "அறுபது பாயிண்ட்டு லூசு. அளக்காமயா வாங்கியாந்தீக?" என்றார்கள். என் மாமியார் இன்றைக்கும் கோபம் வந்தால் அறுபது பாயிண்ட் என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இதைப் படித்துச் சிரியுங்கள், சிரிக்கலாம். இனி வருவது அப்படி இல்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது. அண்ணனுக்கு இருபத்து நான்கு வயது. பத்தாவது முடித்த நாளிலிருந்து அப்பாவோடு பட்டறையில் நின்றவர். அரியக்குடியில் பெண் பார்த்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தோம். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கல்லூரிக்குப் போகிறேன் என்று கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள டிகிரி வாங்கி எதை அளக்கப் போகுது?" என்று அப்பா முடித்துவிட்டார்கள். தினமும் கோட்டையூர் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அவர்கள் இருவருக்கும் சோறு கொண்டுபோவது என் வேலை.

அன்றைக்கு ஒரு டிராக்டர் இன்ஜின் மிஷினில் ஏறியிருந்தது. நாலு சிலிண்டர். கோடை உழவு நேரம், மறுநாள் வேண்டும் என்று அந்த விவசாயி அழாக்குறையாகக் கேட்டிருந்தார். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். அப்பா கேஜை எடுத்தார்கள். சர்க்கரை வியாதி வந்து விரல் மரத்துப்போக ஆரம்பித்த காலம் அது. கை நழுவி, கேஜ் சிமெண்டுத் தரையில் நட்டக்குத்தலாக விழுந்தது. அப்பா குனிந்து எடுத்தார்கள், முகத்தைத் துடைத்தார்கள், பிறகுதான் வாசலில் தூக்குவாளியோடு நின்ற என்னைப் பார்த்தார்கள்.

"விழுகல" என்றார்கள்.

"என்னத்தா, விழுகலல்ல?" என்றார்கள் மறுபடியும். தலையை ஆட்டினேன். கேஜைப் பெட்டியில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் வந்து, வேறொரு இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். விழுந்த கேஜில் ஜீரோ நகர்ந்திருக்கும், அதை மறுபடி வைக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை அப்பா ஏன் செலவழிக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வைத்தால், விழுந்தது உண்மை என்று ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அண்ணன் வந்து, சாப்பிட்டு, அந்தக் கேஜை வைத்து அளந்து அளந்து நாலு துளையையும் முடித்தார். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

மறுநாள் நான் சோற்றோடு போனபோது பட்டறை வாசலில் கூட்டம். மெக்கானிக் பிஸ்டனை விட்டுப் பார்த்திருக்கிறார், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி தொளதொளவென்று போயிருக்கிறது. அப்பா காலையில் புதிதாக ஜீரோ வைத்த கேஜை உள்ளே இறக்கிக் காட்டினார்கள். நாலு துளையும் ஏழு பாயிண்ட் பெரிசு. கேஜ் பொய் சொல்லுமா? அண்ணன்தான் தப்பாக அளந்தார் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த விவசாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு பாயிண்ட்டு! கண்ணு பொடதியிலயாடா இருக்கு? குடிச்சுப்புட்டு அளந்தியா?" என்று அப்பா அண்ணனை அறைந்தார்கள். அண்ணன் கன்னத்தில் கை வைக்காமல் நின்றார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "நேத்து மத்தியானம் கேஜு இப்படிக் காட்டலப்பா. நீங்க ஏதும் கை பட்டுத் தட்டிவிட்டீகளா?"

அந்தக் கேள்விக்குத்தான் அண்ணனைப் பிடரியில் கை வைத்துத் தள்ளினார்கள். "நான் வச்ச ஜீரோவக் கொற சொல்றியா? இனிமே நீ எனக்கு மகனுமில்ல, இந்தப் பட்டறையில உனக்கு வேலையுமில்ல" என்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தூக்குவாளியைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "அப்ளிகேசன் வாங்கப் போகலையாத்தா? காலேஜுல எடம் முடிஞ்சுறப் போகுது" என்றார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் யாருக்கும் கூலி கொடுக்க முடியாது. நான் வாங்கிக்கொண்டேன். பி.எஸ்ஸி. முடித்து, இன்று அரசாங்க வேலையில் இருக்கிறேன். என்னைப் படிக்க வைத்ததுதான் அப்பா செய்த பெரிய நல்ல காரியம் என்று சித்தப்பா எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

அப்பா கோபத்தில் வீசிய 'குடிச்சுப்புட்டு' என்ற சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காத மனுஷன் அண்ணன். அரியக்குடிக்காரர்கள் கல்யாணத்தை நிறுத்தினார்கள். மதுரை வரைக்கும் எந்தப் பட்டறையிலும் அண்ணனைச் சேர்க்கவில்லை. அளக்கத் தெரியாதவன் என்ற பேர், தொழில்காரனுக்குக் கையை வெட்டியதற்குச் சமம். திருப்பூரில் லோடு வண்டி ஓட்டுகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த மலரை வாங்கியிருக்கிற உங்களில் பல பேர் அவரைக் குடிகாரன் என்று என் காது படப் பேசியிருக்கிறீர்கள். நானும் கேட்டுக்கொண்டு உங்களுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

கடைசி நாட்களில் அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் எடுத்தாகிவிட்டது. எட்டு மாதம் நான்தான் புண்ணைக் கழுவிக் கட்டினேன். ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். "அப்பா, அன்னைக்குக் கேஜு விழுந்துச்சுல்ல?"

அப்பா மறுக்கவில்லை. "விழுந்துச்சு. அதுக்கென்ன? அளக்குறவன் ஜீரோவப் பாத்துட்டுல்ல அளக்கணும்? பாக்காதது அவன் குத்தம்" என்றார்கள்.

அப்படிச் சரிபார்த்தவரைப் பாதிச் சோற்றில் அனுப்பியது யார்? "அண்ணனுக்கு ஒரு போன் போட்டுத் தரட்டுமாப்பா?" என்றேன். "ஊருக்கு முன்னாடி ஒரு சொல்லு சொல்லிப்புட்டேன். அத மாத்த மாட்டேன். கொள்ளியும் அவன் வைக்கக் கூடாது, தம்பிகிட்டச் சொல்லிட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. நான் கேட்ட அந்த நாளில் மட்டும் புண்ணைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனேன். கட்டுப் போட்டு முடிக்காமல் போனேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் விடிவதற்குள் திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். சித்தப்பா வாசலுக்குப் போய், "உங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காக. தள்ளி நின்னு பாத்துட்டுப் போப்பா" என்றார்கள். எதிர்ச் சாரியில் மளிகைக்கடை ஓரமாக அண்ணன் நின்றார். தேர் கட்டி, நீர்மாலை எடுத்து, எல்லாம் முடிகிறவரை நின்றார். சித்தப்பா கொள்ளி வைத்தார்கள். ஒரு சொல் சொல்ல எனக்கு அன்றைக்கும் வாய் இருந்தது. அப்பாவுக்குப் பயந்தேன் என்று சொல்ல முடியாது, அப்பாதான் போய்விட்டார்களே. அண்ணனுக்குப் பயந்தேன்.

அப்பாவின் வைத்தியத்துக்கும் கடைசிக் காரியங்களுக்கும் உதவிய டாக்டருக்கும், நர்ஸ் பிள்ளைகளுக்கும், கொத்தமங்கலத்துப் பங்காளிகளுக்கும், கோட்டையூர்த் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முன்னே நின்று எல்லாம் நடத்திய சித்தப்பாவுக்கும் நன்றி. இதைப் படித்த பிறகு அவர்கள் என்னோடு பேச மாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணனுக்குப் போன் செய்து இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேஜ் விழுந்ததை நான் பார்த்தேன், சொல்லவில்லை என்றேன். அழுதேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியுந்த்தா" என்றார். "அன்னைக்கு மத்தியானம் கேஜ எடுத்தப்பவே முனையில சிமெண்டுத் தூசி. தொடச்சுட்டுத்தான் அளந்தேன். அப்பா வச்ச ஜீரோ, நான் எப்படிப் பாக்குறது? நீ அங்கன நின்னதும் தெரியும், சோத்துவாளி இருந்துச்சுல்ல."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"நீ சொல்லுவனு இருந்தேன். ரெண்டு நாளு காரைக்குடி பஸ் ஸ்டாண்டுலதாந்த்தா கெடந்தேன். அப்பாகிட்டச் சொல்லிட்டேன், வாண்ணேனு கூப்பிட நீ வருவனு பாத்தேன். மூணாம் நாளுதான் திருப்பூரு பஸ் ஏறுனேன்."

திதிக்கு வாருங்கள், நீங்கள்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்று கெஞ்சினேன். "லோடு இருக்குத்தா" என்று வைத்துவிட்டார்.

அண்ணனிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த இரண்டு நாளும் அப்ளிகேசன் வாங்கவும் கொடுக்கவும் நான் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கினேன். மதுரை பஸ் நிற்கிற பக்கம், பெஞ்சில், பட்டறையை விட்டுப் போன அதே சட்டையோடு அண்ணன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு டவுன் பஸ்ஸாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, பஸ்களுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வெளியே போய்விட்டேன்.