உள்ளே மடித்துவிட்ட துணி

தையல்காரம்மா யாருக்குத் தைத்தாலும் பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் துணி கூடுதலாக மடித்துவிடுவார். "உடம்பு பெருக்கும், இளைக்கும். துணிக்கு ரெண்டும் தெரியணும்" என்பார். கல்யாணத்துக்குத் தன் கணவருக்குத் தைத்த கோட்டும் அப்படித்தான்.

அப்போது இருந்தது ஒரே அறை, ஒரே மிஷின். தட்டில் வெறும் ரொட்டிதான் என்றாலும் தையல்காரம்மா கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் தொடுவார். இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிய கணவருக்கு அது வீம்பாகவே பட்டது. இல்லாதவரால் வேறென்னதான் சொல்ல முடியும்?

பிறகு பள்ளிச் சீருடை வேலை வந்தது. பன்னிரண்டு மிஷின், மாடி வீடு, மேசை நிறையச் சாப்பாடு. தையல்காரம்மா ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். நன்றி மட்டும் அதே நீளம். கணவருக்குத் தொப்பை தள்ளியது. தையல்காரம்மா கோட்டைப் பிரித்துத் தளர்த்தினார்.

"புதுசாவே தைச்சிடேன். இனி நான் எங்கே இளைக்கப்போறேன்?"

"கோட்டு இன்னும் கிழியலைங்க. உங்க வயித்துக்குத்தான் அவசரம்."

சில வருடங்களில் சீருடைகள் ஆலையிலிருந்தே வரத் தொடங்கின. விற்ற மிஷின்களை ஏற்றிக்கொண்டு போன அன்று தையல்காரம்மா படியில் உட்கார்ந்து அழுதார். அவருடையது கல்லாய்ப்போன மனசு இல்லை என்பதைக் கணவர் அன்றுதான் கண்டார். அழுதவர் முகம் கழுவி வந்து, ரொட்டிக்கு முன் கண்ணை மூடினார். அதே நீளம்.

கணவரால் அது முடியவில்லை. பழைய அறைக்குத் திரும்பிய பின் மூன்று ஞாயிறு ஆலயத்துக்கே போகவில்லை. இளைத்த உடம்பில் கோட்டு தொங்குவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசினார்.

நான்காம் ஞாயிறு காலை தையல்காரம்மா கோட்டைப் பிரித்தார். பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின்மேலேயே தைத்தார்.

"மிச்சத் துணியை வெட்டிப் போடு. இனி நான் எங்கே பெருக்கப்போறேன்?"

"இளைக்க மாட்டேன்னு சொன்னதும் இதே வாய்தானே?" நூலைப் பல்லால் கடித்தார். "உங்க பேச்சைக் கேட்டு வெட்டுறதா இல்லை."

"உனக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு. பயத்தோடயே நன்றி சொல்லலாம், ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். முதல்ல எனக்கும் வரலைங்க. சொல்லிச் சொல்லித்தான் பழகுச்சு."

ஆலயத்தில் மடிப்புத் துணி விலாவை உறுத்திக்கொண்டே இருந்தது. நன்றி சொல்லும் நேரம் வந்ததும் கணவரும் கண்ணை மூடினார். இரண்டு வாக்கியம் வந்தது, மூன்றாவதில் நின்றுபோனது. மீதியை மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்லிப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.