பிரேக் மாற்றியதும் வந்த நடுக்கம்

கொழும்புக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்டது தெருவைக் கடப்பது. சிரிக்காதீர்கள். நாமக்கல்லில் லாரிகளுக்கு நடுவே வளர்ந்து, முப்பது வயதில் கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்தவள் நான். வந்த மறுவாரம் காலி வீதி என்கிற பெரிய சாலையில், ஆட்கள் கடக்கும் மஞ்சள் கோட்டருகே நின்றேன். நம் ஊர் வழக்கப்படி வண்டிகள் எல்லாம் போய்த் தொலையட்டும் என்று காத்திருந்தேன். ஒரு பஸ் வந்து நின்றது. அதன் பக்கத்தில் ஒரு கார் நின்றது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, "அக்கே, யன்ன" என்றார். போங்கள் அக்கா என்று சிங்களத்தில் சொன்னாராம். அது எனக்கு எங்கே தெரியும்? திட்டுகிறார் என்று நினைத்து இரண்டடி பின்னால் போய் நடைபாதையில் ஏறிவிட்டேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது அதே கோட்டுக்கு முன்னால் ஒரு டபுள் கெப்பை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் கடக்கட்டும் என்று காத்திருக்கிறேன். பிக்அப் வண்டியை இங்கே கெப் என்பார்கள். இடியப்பத்தை விட்டால் பாண், அதாவது ரொட்டி, என்று வாழும் இந்த ஊரில் நான் தோசைமாவு அரைத்து விற்கிறேன். வெள்ளவத்தை, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை என்று காலையில் ஒரு சுற்றுப் போய் வருவேன். மஞ்சள் கோட்டுக்கு மஞ்சள் கோடு நிற்கவேண்டும். நாமக்கல்லில் ஹாரன்தான் தேயும். இங்கே பிரேக் தேய்கிறது. போன மாதம் முன்சக்கரங்களில் கரகரவென்று சத்தம் வந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை.

அப்பா நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். ஸ்பேனரை எடுத்துக் கொடு என்பார், கொஞ்ச நாளில் நீயே முடுக்கு என்றார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று பட்டறையில் ஒருவரும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்தான் கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் ரமணன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், போனட்டைத் திறக்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ அவரைக் கட்டிக்கொண்டேன்.

பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடை ஒன்றில் புது டிஸ்க்கும் பிரேக் பேடும் வாங்கிவந்து, எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழே, கடல் பார்த்த பக்கத்தில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, நானே மாற்றினேன். எதிர்வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து மாமி, அதாவது ரமணனின் அம்மா, எட்டிப் பார்த்தார்.

"சனம் பாக்குது பிள்ளை. மேல வாரும்."

"முடிஞ்சுது மாமி" என்றேன். முடியவில்லை. இன்னும் ஒரு சக்கரம் இருந்தது.

மறுநாள் காலை மாமியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குக் கிளம்பினேன். ஐம்பதில் போகும்போது வெண்ணெய் போல ஓடியது. பிரேக்கில் கால் வைத்தேன், ஸ்டீயரிங் என் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. காலை எடுத்தால் நின்றது. வைத்தால் மறுபடியும் வந்தது. மாமியின் மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டில் தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் சொன்னார்.

"குறை நினையாதையும் பிள்ளை. சனிக்கிழமை ஹட்டனுக்கு நாங்கள் வான் பிடிச்சுப் போவம். உம்மட வாகனம் நடுங்குது. மலையில எனக்குப் பயமாக் கிடக்கு."

ஹட்டனில் மாமியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பலகார டின்களைப் பின்னால் அடுக்கி, வீட்டோடு எல்லோரையும் நான் ஓட்டிக்கொண்டு போவதென்று ஒரு மாதம் முன்பே பேசி வைத்திருந்தது. இவர்கள் வான் என்று சொல்லும் வாடகை வேனைப் பிடித்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்த வீட்டில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் எனக்காகச் செய்து தருகிறார்கள். இடியப்பம் எனக்குச் சரியாக வராது, மாமி பிழிகிறார். கந்தோர் எனப்படும் அலுவலகங்களில் சிங்களம் பேச வேண்டும், ரமணன் பேசுகிறார். தேங்காய்ப்பால் சொதி கூட இன்னும் என்னை நம்பி விடவில்லை. விருந்தாளியை எத்தனை நாள் நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் விருந்தாளி விருந்தாளிதானே. எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். அதிலும் மாமி ஏறமாட்டேன் என்றதும் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் அப்பாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். நாற்பது வருடம் பிரேக் பார்த்த மனிதர், கால் நிமிடத்தில் தீர்ப்பு வந்தது.

"டிஸ்க் கோணல் கண்ணு. ஸ்டீயரிங் ஆடுதுன்னா முன்னாடி டிஸ்க்குதான். குடுத்துட்டு வேற வாங்கு."

கடைக்காரர் முகம் கோணாமல் வேறு ஜோடி கொடுத்தார். மாட்டினேன். அதே நடுக்கம். வீல் நட்டுகளைத் தளர்த்தி, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிர் எதிரே முடுக்கிப் பார்த்தேன். முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டேன். வீல் பேலன்ஸ் பார்த்தேன். புதன்கிழமை ஆகிவிட்டது, நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மாமி வான்காரருக்கு போன் பண்ணுவது என் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை கொட்டாஞ்சேனையில் மாவு இறக்கும்போது சாப்பாட்டுக் கடைக்காரரிடம் புலம்பினேன். பின் ஒழுங்கையில், நம் ஊர்ச் சந்துதான், ஃபாரூக் நானா என்று ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன். போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. வெற்றிலை போட்ட வாயோடு கேட்டுக்கொண்டார்.

"எந்த பாஸ் செஞ்ச வேல இது?" இங்கே மெக்கானிக்குக்கு பாஸ் என்று பெயர்.

"நான்தான் செய்தேன்."

"அது வெளங்குது, நீங்கதான் செய்யக் குடுத்தீங்க. பாஸ் ஆரு?"

"பாஸும் நான்தான் நானா."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, என் கைகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டார். வாடிக்கையாளருக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலி அல்ல, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் குட்டை ஸ்டூல். எனக்கு அப்போதே பாதி மனசு ஆறிவிட்டது.

சக்கரத்தைக் கழற்றினோம். நட்டுகளை மட்டும் திரும்பப் போட்டு டிஸ்க்கை இறுக்கினோம். நானா ஒரு கம்பியை வளைத்துப் பக்கத்தில் கட்டி, அதன் முனை டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தார். டிஸ்க்கைக் கையால் சுற்றினார். ஓரிடத்தில் மட்டும் கிரீச் என்று உரசியது. அங்கே சாக்பீஸால் கோடு போட்டார்.

"டிஸ்க் கோணல் தங்கச்சி."

"இது இரண்டாவது ஜோடி நானா" என்றேன். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லிவிட்டேன். "டிஸ்க்கைக் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்ப்போம். கோணல் டிஸ்க்கில் இருந்தால் உரசுகிற இடமும் அதோடு திரும்பணும்."

"செரி, மாட்டுங்க பாப்பம்."

மாட்டினேன், சுற்றினேன். சாக்பீஸ் கோடு எதிர்ப்பக்கம் போய்விட்டது. உரசல் அதோடு போகவில்லை, பழைய அதே போல்ட் வரும்போதுதான் உரசியது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை, அது போய் உட்காரும் ஹப்பில்தான் கோளாறு என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. டிஸ்க்கை மறுபடி உருவினோம். ஹப்பின் முகத்தில், ஒரு போல்ட்டுக்குக் கீழே, துரு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. நகத்தால் கீறினால் வரவில்லை. அவ்வளவு கெட்டி. மயிரிழை உயரம்தான், ஆனால் டிஸ்க்கைச் சாய்த்து உட்காரவைக்க அது போதும்.

"கறள்" என்றார் நானா. "பூட்ட முந்தி கம்பி பிரஷ் போட்டீங்களா?"

"துணியால் துடைத்தேன்."

"வாகனம் எங்க நிக்கிற?"

"வெள்ளவத்தை. கடல் பக்கம்."

"உங்கட ஊர்ல கடல் ஈக்கா?"

"இல்லை நானா."

"அதான்" என்று கம்பி பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்.

எங்கள் பட்டறையில் ஹப்பைத் துணியால்தான் துடைப்போம். அந்த வறண்ட காற்றில் அது போதும். அப்பாவும் நானும் அவ்வளவு கணக்குப் போட்டோமே, கடலை மறந்துவிட்டோம். ஐந்து வருடமாகக் காலையில் கண்விழித்தால் நான் பார்ப்பது அந்தக் கடலைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஹப்பையும் பளபளவென்று தேய்த்து, மணல்தாள் போட்டு, துடைத்து, மாட்டிச் சுற்றினேன். கம்பி எங்கேயும் உரசவில்லை.

வெள்ளிக்கிழமை மாமியிடம் போய் நின்றேன். "ஒருக்கா மரைன் டிரைவ் வரைக்கும் வாங்க மாமி. நடுங்கினால் நானே வானில் வருகிறேன்."

ஏறினார். மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆறு தடவை பிரேக் போட்டேன். ஆறாவது தடவை ஒரு கையை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வீட்டு வாசலில் இறங்காமலே போனை எடுத்து வான்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு வேண்டாம். குறை நினையாதையும். எங்கட வாகனம் திருந்தீட்டுது."

ரமணன் பால்கனியிலிருந்து என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்ததால் நானும் கையாலேயே பதில் சொன்னேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஞாயிறு மத்தியானம் இறங்கத் தொடங்கினோம். கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகள் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரேயடியான இறக்கம். ரமணன் பின்சீட்டில் காலி டின்களோடு சாய்ந்திருந்தார். மாமி முன்சீட்டில். மேலே இருந்த பிடியை அவர் எப்போது விட்டார் என்று நான் கவனிக்கவில்லை. நாலாவது வளைவில் திரும்பிப் பார்த்தால் தலை கண்ணாடியில் சாய, வாய் லேசாகத் திறக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் பத்துப்பேர் என்னைப் பாராட்டியிருந்தாலும் எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்காது.

அப்போது டேஷ்போர்டில் வைத்திருந்த போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. அப்பா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். புது டிஸ்க் போட்டதில் சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். கம்பி கட்டியது, கறள், நானாவின் ஸ்டூல், எல்லாவற்றையும் உலகத்திலேயே அவர் ஒருவரிடம்தான் எனக்குச் சொல்லவேண்டும். எடுத்தால் மாமி விழித்துக்கொள்வார். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மெல்ல மிதித்தேன். வண்டி அலுங்காமல் வேகம் குறைந்தது, மாமி அசையவில்லை. வண்டிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது அப்பாவின் பெயர் மட்டும்தான். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, போன் அதிர்ந்து ஓயும்வரை இறங்கிக்கொண்டே இருந்தேன்.