ஒரே இதயத்துக்கு இரண்டு மீட்டர்

மயக்க மருத்துவர் என்றால் நோயாளியைத் தூங்க வைப்பவர் என்றுதான் ஊர் நினைக்கிறது. தூங்க வைத்தபின் நாம் படும் பாடு, உங்களைப் போன்ற சக மயக்க மருத்துவர்களுக்கே வெளிச்சம்.

இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பல வழிகள் உண்டு. ஹைதராபாத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அவற்றில் இரண்டை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கையெழுத்து

ஆறுமுகம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் பைபாஸ். சம்மதப் படிவத்தோடு போய் விளக்கினேன். கழுத்து வழியாக ஒரு குழாய் விட்டு, ஐஸில் வைத்த உப்புநீரைத் தள்ளி, அந்தக் குளிர் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்ப்பது பழைய முறை. மணிக்கட்டு நாடியின் அலையைப் பார்த்தே ஒரு மெஷின் கணக்குப் போடுவது புது முறை.

மனைவி சரோஜா முகம் வெளிறி நின்றார். ஆறுமுகம் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எங்க பாய்லருக்கும் ரெண்டு கேஜ் வைப்போம்மா. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைன்னா, எழுந்து போய்ப் பாத்துடணும், அவ்ளோதான்."

கைக்கு

மறுநாள் அவர் தூங்கியதும் டெக்னீஷியன் யூசுஃப் உப்புநீரைத் தள்ளினார். மூன்று முறை தள்ளிச் சராசரி எடுக்க வேண்டும். வந்தது 4.2, 5.5, 4.3.

"நடுவில் மட்டும் ஏன் கூடுது யூசுஃப்?" என்றேன். அவரும் "கைக்கு?" என்று யோசித்தார். இந்த ஊர் உருதுவில் அதற்கு 'ஏன்' என்று அர்த்தம். திருநெல்வேலிக்காரியான எனக்கு இன்னமும் முதலில் கைதான் ஞாபகம் வரும். அவர் கையைப் பார்த்தேன். இரண்டாவது ஊசியைத் தள்ளுமுன், நர்ஸிடம் பேசியபடி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. நீர் சூடாகியிருந்தால், அதிக ரத்தம் ஓடித்தான் குளிர் கரைந்தது என்று கணக்கு கூடத்தானே செய்யும்! வேறு ஊசி எடுத்து உடனே தள்ளச் சொன்னேன். 4.2.

"கைக்குன்னு கேட்டா என் கையையே புடிச்சிட்டீங்களே மேடம்!"

பின்பக்கத் தையல்

இதயம் துடிக்கத் துடிக்கவே ஆபரேஷன். பின்பக்க ரத்தக்குழாயைத் தைக்க, சர்ஜன் டாக்டர் ராவ் இதயத்தைத் தூக்கிப் பிடித்தார். ரத்த அழுத்தம் இறங்க, நாளங்களைச் சுருக்கும் மருந்தைக் கூட்டினேன். அழுத்தம் ஏறியது. மணிக்கட்டு மெஷின் 4.8 என்றது. கழுத்துக் குழாயில் 2.3.

மறுபடி அளந்தோம். 2.2. அழுத்தம் ஏறியது மருந்தால்தான், நாடியை மட்டும் பார்க்கும் மெஷின் அதில் ஏமாந்திருக்கிறது. இதயம் தள்ளுவது பாதிதான் என்று புரிந்துவிட்டது.

"சார், இதயத்தைக் கீழே விடுங்க."

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு? உங்க மெஷினும் நல்லாருக்குன்னுதானே சொல்லுது?"

"பிரஷர் இருக்கு சார், ஓட்டம் இல்லை. இப்பவே விடுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் விட்டார். திரவம் ஏற்றி, மருந்தைக் குறைத்தேன். நாலு நிமிடத்தில் கழுத்துக் குழாயில் 4.1, மணிக்கட்டு மெஷினில் 4.3. அடுத்த முறை அவர் பாதிதான் தூக்கினார், தையலும் முடிந்தது.

கையுறையைக் கழற்றும்போது சொன்னார்: "இனிமே நீங்க விடுன்னா விட்டுடறேன், காரணத்தை அப்புறம் கேட்டுக்கறேன்."

வார்டில்

நாலாம் நாள் ஆறுமுகம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதயம் இப்போது நன்றாகத் தள்ளுகிறது, இரண்டு முறையிலும் அளந்துவிட்டோம் என்றேன். சரோஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா இவருக்கு இதயம் இருக்கான்னே எனக்குச் சந்தேகம் டாக்டரம்மா, நீங்க லிட்டர் கணக்குல சொல்றீங்க!"

எத்தனை மெஷின் வந்தாலும், அந்த நாலு நிமிடம் மயக்க மருத்துவரின் இதயம் எவ்வளவு தள்ளியது என்று அளக்க மட்டும் இன்னும் யாரும் சம்மதப் படிவம் நீட்டவில்லை.