சந்தனம் பட்ட இசைத்தட்டு

யாரும் வாங்காத இசைத்தட்டுகளைத்தான் நான் வாங்குவேன். பெயர் பெற்றவர்களின் தட்டுகளை வாங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் தயவு தேவையில்லை. ரொறொன்ரோவில், பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை இருக்கிறது. அங்கே மேசைக்குக் கீழே, குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் இடத்தில், விலைபோகாத தட்டுகளை அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரேயொரு தட்டை வெளியிட்டுவிட்டுக் காணாமல்போன ரொக் குழுக்கள், ஜாஸ் குழுக்கள். சனிக்கிழமைகளில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் குந்திவிடுவேன். தாடி வைத்த வெள்ளைக்காரக் கடைக்காரர், இன்றைக்கும் அநாதைகளைத் தத்தெடுக்க வந்துவிட்டாயா என்று கேட்பார். கேட்கட்டுமே. எனக்கு என் காரியம் ஆனால் சரி.

வீட்டில் இதற்கெல்லாம் மதிப்பில்லை. மகளுக்கு உலகத்துப் பாட்டு முழுவதும் ஃபோனுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு ஜாஸ் என்றாலே தலையிடி. "உவங்கள் இன்னும் பாட்டைத் துவங்கேல்லையோ? இப்பவும் சுருதிதான் கூட்டிக்கொண்டு இருக்கிறாங்களோ?" என்பார். சும்மா சொல்லக்கூடாது, சில தட்டுகளுக்கு அந்தக் கேள்வி நியாயமானதுதான். அம்மாவோடு வாயால் வெல்ல முடியாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா ஊரில் இறந்துவிட்டார். என்னைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கனடாவுக்கு வந்து இறங்கிய மனுசி அவர். அவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம்.

போன வசந்தத்தில் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தட்டு கிடைத்தது. அட்டையில் பனிக்குள் நிற்கும் ஒரு ஸ்ட்ரீட்கார், தண்டவாளத்தில் ஓடும் ட்ராம் வண்டி, அவ்வளவுதான். எழுபதுகளில் ரொறொன்ரோ ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்தது. ஜாஸ் என்றும் சொல்ல முடியாது, ரொக் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு பக்கத்து ஆட்களும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும். டிரம்ஸ் அடிப்பவருக்கு ஓர் இடத்திலும் அவசரம் இல்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒரு பெண் வருகிறாள். சொற்களே இல்லை, வெறும் குரல். நான் அப்போது துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்கிறதை விட்டுவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டேன். இவ்வளவு நல்லதை ஒரு நகரமே சேர்ந்து மறக்கலாமா என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அட்டையில் அந்தப் பெண்ணின் பெயர்கூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பாவம், அவர் என்ன செய்வார்! விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். இலை கொட்டத் தொடங்கியபோது அவரே எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். டிரம்ஸ் அடித்தவர் உயிரோடு இருக்கிறார், கடைக்குப் பக்கத்துத் தெருவில்தான். பாடியது அவருடைய மனைவி. அந்த அம்மா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அந்த ஒரு பாட்டைத் தவிர வேறு எங்கேயும் அவருடைய குரல் பதிவாகவில்லை. கணவர் வீட்டில் வைத்திருந்த தட்டும் பேஸ்மென்ற்றுக்குள் வெள்ளம் வந்தபோது போய்விட்டது. இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டு வான்கூவரிலுள்ள மகளிடம் போகிறார். திங்கட்கிழமை விமானம்.

டிரம்ஸ் அடித்த அந்தப் பெரியவருக்கு ஃபோன் எடுத்து, கணினியில் பதிந்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதையும் அனுப்பு, ஆனால் தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை கேட்க வேண்டும் என்றார். அவரிடம் இருந்த பிளேயரை ஏற்கெனவே யாருக்கோ கொடுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு சரஸ்வதி பூசை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் வடையும் கடலையும் இருக்கும், வருகிறவருக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் தட்டைத் தூசி இல்லாமல் துடைத்து, பிளேயருக்குப் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பெரியவர் நல்ல உயரம். என் சின்னக் காருக்குள் முழங்கால் இடித்தது. அந்த முழங்காலிலேயே விரல்களால் தட்டிக்கொண்டு வந்தார். மனைவி வங்கியில் வேலை செய்தவராம், பாடகியே இல்லையாம். பாட்டுப் பதிந்த அன்று இவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாராம். சமையலறையில் பாடுவதுபோல் ஒன்று பாடு என்று மற்றவர்கள் பிடித்து நிறுத்திவிட்டார்களாம். "அவளுடைய முகம் அப்படியே இருக்கிறது, குரல்தான் வர மாட்டேன் என்கிறது" என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம். முன்னறையில் சரஸ்வதி படம், கும்பம், மகளின் கெமிஸ்ட்ரி புத்தகம், என் லப்டொப். அவற்றுக்கு நடுவில், உறையைக் கழற்றி, வெள்ளைத் துணியில் கிடத்தி, என் இசைத்தட்டு. அதில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. சந்தனத்தின் மேல் குங்குமம்.

"ஐயோ அம்மா! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் கத்துறாய்? எல்லாரின்ரை சாமானும் வைச்சியள், என்ரையை மட்டும் வைக்கேல்லை எண்டு போன வருசம் முகத்தை நீட்டினனீ. அதுதான் இந்த முறை முதல் ஆளா உன்ரை ரெக்கோட்டை வைச்சனான்."

"வைச்சது சரி, பொட்டு ஏன்?"

"பொட்டு வைக்காமல் என்ன பூசை? நடுவிலை பேப்பர் ஒட்டியிருக்கு, எழுத்திலை படக்கூடாதெண்டு பாத்துப் பாத்துக் கறுப்பிலை வைச்சனான்."

அந்தப் பேப்பருக்குப் பக்கத்தில்தான் கடைசிப் பாட்டு இருக்கிறது. பன்னிரண்டு அங்குலத் தட்டில் அம்மாவுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எடுக்கப் போன கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"தொடாதை! பூசைக்கு வைச்சதை நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்."

மகள் மறுநாள் சோதனை என்று அழுத வருடத்தில்கூட அவளுடைய புத்தகம் அந்தத் துணியை விட்டு எழும்பவில்லை. பெரியவர் கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஏதோ பிழையாகிவிட்டது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பரவாயில்லை, இன்னொரு நாள் கேட்கலாம் என்றார். எந்த இன்னொரு நாள்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, இவர் நாளைக்குப் பிளேன் ஏறுறார். இவரின்ரை மனுசி செத்துப்போனா. அவவின்ரை குரல் உதிலை மட்டுந்தான் இருக்கு. உலகத்திலை வேற எங்கையும் இல்லை."

அம்மா என் கையை விட்டார். பெரியவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டுவிட்டு, தட்டைத் தானே இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தார்.

"கோவிக்கிறதெண்டால் சரஸ்வதி என்னோடை கோவிக்கட்டும். கொண்டுபோய்ப் போடு."

பஞ்சை நனைத்துச் சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வருமா! கோடுகளுக்குள் இறங்கிய சிவப்பு அப்படியே நின்றது. இதற்கு மேல் தேய்த்தால் தட்டுக்குக் காயம் என்று பயந்து, வருவது வரட்டும் என்று ஊசியை வைத்தேன்.

பாட்டுத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். பெரியவர் கதிரை நுனியில் இருந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் வந்தது. அவர் கண்ணை மூடவில்லை. பாதி தாண்டியதும் நான் பயந்தது நடந்தது. ஊசி குங்குமத்தில் தடுக்கிப் பின்னால் விழுந்தது. மறுபடியும் அதே இடம். ஒரு மூச்சு, அரைச் சுரம், டிக். ஒரு மூச்சு, அரைச் சுரம், டிக். பாய்ந்து எழுந்து ஊசியைத் தூக்கப் போனேன்.

வேண்டாம், விடு என்று கையைக் காட்டினார்.

மூச்சு வந்துகொண்டே இருந்தது. அவர் அதற்கேற்பத் தலையை ஆட்டினார். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "பேசத் தொடங்குமுன் அவள் எப்போதும் இப்படித்தான் மூச்செடுப்பாள். சாப்பிட வா என்று கூப்பிடக்கூட. இதை நான் மறந்தே போயிருந்தேன்" என்றார்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னவாம் என்று கண்ணால் கேட்டார். சொன்னேன்.

"அப்ப விடு. ஆறுதலாக் கேக்கட்டும்" என்றார் அம்மா. சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊசியை மெல்லத் தள்ளி மீதிப் பாட்டையும் போட்டேன். கேட்டு முடிந்ததும் தட்டை உறைக்குள் வைத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு மனமில்லைதான். ஆனால் அது என்னுடையது என்று அதற்கு மேல் எப்படிச் சொல்வது? கடையில் இசைத்தட்டுக் கழுவுகிற மெஷின் இருக்கிறது, போகிற வழியில் குங்குமத்தை எடுத்துவிடலாம் என்றேன். அவர் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அதைத் தொடவே கூடாது என்றார். அம்மா அவருக்குப் பழைய தயிர் டப்பா நிறைய வடை கட்டிக்கொடுத்தார்.

அவரை விட்டுவிட்டு வரும்போது பின்னேரமாகிவிட்டது. அம்மா சிங்கில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன்.

"கொப்பர் தும்மினால் ஊரிலை ஒழுங்கை முழுக்கக் கேக்கும், பிள்ளை" என்றார் திடீரென்று. "அந்தத் தும்மலையெண்டாலும் ஆராவது பதிஞ்சு வைச்சிருக்கலாம்."

அப்பாவைப் பற்றி எனக்கு இருப்பது ஒரு கல்யாணப் படம் மட்டும்தான். அதில் அவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"எப்பிடியம்மா தும்முவார்?" என்று கேட்டேன்.

அம்மா குழாயைப் பூட்டினார். கையைச் சீலையில் துடைத்தார். பிறகு நன்றாக மூச்சை இழுத்து, வீடு அதிர, தும்மிக் காட்டினார்.