திரும்பப் பெற்ற கட்டுரை

செய்தி எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தேர்வறைப் பணிப் பட்டியலுக்குக் கீழே, "நம் துறை பச்சையம்மாள் மேடம் இன்று காலை மாரடைப்பில் காலமானார்" என்று இருந்தது. அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர், "பிற்பகல் அவங்க ஹாலை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டிருந்தார். கேள்வியில் தவறில்லை. தேர்வு நடந்தாக வேண்டும். நான் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டு, சங்கராபுரத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். அன்று மாலைதான் கச்சிராயபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போக முடிந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள், அல்லது அவரிடம் படித்தவர்கள். நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து, கௌரவ விரிவுரையாளராகவே போனவர் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரைச் சுருக்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், "குலசாமி பேருங்க. நீளமா இருக்குதுன்னா நீங்க மெதுவா கூப்பிடுங்க" என்பார். எனக்கும் அவருக்கும் ஒரே ஆய்வு நெறியாளர்; நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள்; நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். அக்கா அதைப் பற்றி ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கணக்கு சரியா, தவறா என்று மட்டும் கேட்பார். அது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் எல்லோரிடமும் இனிமையானவர் அல்ல. செய்முறைத் தேர்வில் அளவீடுகளை நண்பனைப் பார்த்து எழுதிய ஒரு மாணவனிடம், "எல்லார் ஊசலும் கொஞ்சம் தப்பா ஆடுதுடா. உன்னுது மட்டும் எப்படிடா புத்தகத்தைப் படிச்சிட்டு வந்து ஆடுது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த மாணவன் அதன் பிறகு அவரிடம் பேசவே இல்லை. அக்கா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவருடைய ஆய்வு கருந்துளைகளைச் சுற்றியுள்ள ஸ்கேலர் புலங்களைப் பற்றியது. ஓர் அறையில் ஒவ்வொரு இடத்திலும் வெப்பநிலை என்று ஓர் எண் இருக்கிறது; அதற்குத் திசை கிடையாது. அப்படி, இடத்துக்கு ஓர் எண் மட்டும் உள்ள புலம் ஸ்கேலர் புலம். பொதுச் சார்பியலின்படி, ஒரு கருந்துளையைப் பற்றி வெளியிலிருந்து அறியக்கூடியவை மூன்றுதான்: நிறை, மின்னூட்டம், சுழற்சி. மற்ற அடையாளமெல்லாம் உள்ளே விழுந்துவிடும், இல்லையென்றால் தொலைவுக்கு ஓடிவிடும். கருந்துளைக்கு முடி கிடையாது என்று ஆய்வாளர்கள் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். "எல்லாமே மொட்டைடி. நாம ஒரு முடியைக் கண்டுபிடிச்சிருக்கறோம்" என்றார் அக்கா, எங்கள் கணக்கு முடிந்த அன்று.

பழைய நிரூபணங்கள் நேரடியாகத் தொடாத ஒரு வகைப் புலத்தை நாங்கள் எடுத்திருந்தோம். சுழலாத கருந்துளைக்கு வெளியே அது அசையாமல் தங்கி நிற்பதாகக் கணினி காட்டியது. வளைகோடு அழகாக இறங்கித் தொலைவில் பூஜ்யத்தைத் தொட்டது. கட்டுரையை ஒரு சிறிய ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. அக்காவின் பிஎச்.டி. ஆய்வுப் பதிவு முடியச் சில மாதங்களே இருந்தன. கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. ஒரு கல்லூரியில் நிரந்தர இடத்துக்கு நேர்காணலும் வந்திருந்தது. எனக்குக் காலம் இருந்தது. அவருக்கு இல்லை.

அச்சுப்படி திருத்தத்துக்கு வந்த மதியம், ஆய்வகத்தில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம். அவர் வரைபடத்தின் இடது ஓரத்தில், உள்ளே போனது வெளியே வர முடியாத நிகழ்வு எல்லைக்கு அருகே, விரலை வைத்தார்.

"ஏன்டி, நாம ஏன் இங்கேர்ந்து ஆரம்பிச்சோம்?"

"நிகழ்வு எல்லையிலயே ஆரம்பிச்சா பூஜ்யத்தால வகுக்கற மாதிரி ஆயிடும்க்கா. அதான் கொஞ்சம் வெளியே தள்ளி ஆரம்பிச்சோம்."

"சரி. இன்னும் கிட்டப் போய் ஆரம்பி."

எல்லையைப் பத்து மடங்கு நெருங்கினேன். தொடக்கத்தில் புலத்தின் மதிப்பு சிறிது ஏறியது. மறுபடி பத்து மடங்கு நெருங்கினேன். அதே அளவு மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் அதே அளவு.

"கொஞ்சம்தானேக்கா ஏறுது."

"கொஞ்சம்தான். ஆனா நிக்க மாட்டேங்குது பாரு. நிக்காததுக்குக் கொஞ்சம் இன்னா, ஜாஸ்தி இன்னா?"

எல்லையைத் தொடும்போது அந்தப் புலம் முடிவிலியாகிவிடும். அங்கே அதன் ஆற்றலும் முடிவிலி. பிறகு அது நாங்கள் சொன்ன கருந்துளையே அல்ல. நாங்கள் முடி என்று பார்த்தது, தொடங்கும் இடத்தை நாங்களே தள்ளி வைத்ததால் தெரிந்த ஒன்று.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்ல, அக்கா நெறியாளரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "அச்சாகட்டும் அம்மா. அடுத்த கட்டுரையில் ஒரு திருத்தம் சொல்லிக்கலாம். உங்க பதிவு முடியப் போகுது, யோசிங்க" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். "திருத்தம் சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இல்லைங்க சார்" என்றார் அக்கா. "சரி, இதழுக்கு எழுதி அனுப்புங்க" என்றார் நெறியாளர். இரண்டாம் பெயர் என்னுடையது என்பதால் அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எண்களை நானும் பார்த்திருந்தேன்.

அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன் வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநர். மறுநாள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில், வண்டி எடுக்குமுன், என்னை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மொட்டைத் தலையில முடி இருக்குதுன்னு நீதான் சொன்னே. இப்போ இல்லைன்னும் நீதான் சொல்றே. நடுவுல வேலை போய்க்கினு இருக்குது. யாராவது கேட்டாங்களா உன்னை?"

"இல்லாத முடிக்கு எத்தினி நாளுய்யா எண்ணெ தடவிக்கினு இருக்கறது?"

"சும்மா தடவு. சம்பளமாவது வரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. விசிலை ஊதிவிட்டு ஏறிப் போனார்.

நேர்காணலில் வெளியீடுகள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணு இருந்துச்சுங்க, தப்புன்னு நானே திருப்பி வாங்கிக்கிட்டேன்னு சொன்னேன். தண்ணி குடிங்கன்னாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்" என்றார் அக்கா. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. பல்கலைக்கழகத்தில் பதிவுக் காலத்தை மட்டும் எப்படியோ நீட்டித்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கூடுதல் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, அதே புலம் ஏன் தங்க முடியாது என்று நிரூபிப்பது. கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அறிவியல் நாளுக்காக நாங்கள் போனபோது, மாணவிகளுக்கு அதை அவர் இப்படிச் சொன்னார்:

"நாலு பேரு ஒரு அண்டாவுல தண்ணி ஊத்துனோம்ன்றாங்க. யாரும் மொண்டுக்கலை. அண்டா ஓட்டையும் இல்லை. எட்டிப் பார்த்தா சொட்டுத் தண்ணி கிடையாது. இன்னா அர்த்தம்?"

"நாலு பேருமே ஊத்தல டீச்சர்!"

"எங்க ரூமுலயும் அப்படித்தான் டீச்சர்," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்திலிருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

"அவ்ளோதான் என் பிஎச்.டி." என்றார் அக்கா.

உண்மையில் அவ்வளவுதான். புலத்தின் சமன்பாட்டைத் தகுந்த ஒன்றால் பெருக்கி, எல்லையிலிருந்து முடிவிலி வரை தொகையிட வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பூஜ்யத்துக்குக் குறையாதது, கூட்டுத்தொகையோ பூஜ்யம். ஆகவே ஒவ்வொன்றும் பூஜ்யம், புலமே இல்லை. எல்லையில் புலம் முடிவிலியாகக் கூடாது என்ற நிபந்தனைதான் அண்டாவின் ஓட்டையை அடைக்கிறது. எதால் பெருக்குவது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த நிரூபணம் கட்டுரையாக வந்தது. பட்டமும் வந்தது. வாய்மொழித் தேர்வில் ஒருவர், "ஆக, ஒன்றுமில்லை என்பதுதான் உங்கள் முடிவா?" என்று கேட்டார். "இந்த வகை இல்லைங்க சார். வேற வகை இருக்கலாம். தேடறவங்க இந்தப் பக்கம் வந்து நேரத்தை வீணாக்க வேணாம், அதுக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு நிரந்தர இடத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் துறையின் சார்பில் ஒரு பேனர் வைப்பதாக முடிவாயிற்று. படத்தைக் கொடுக்க ஏழுமலை அண்ணனும், எழுத்தைச் சரிபார்க்க நானும் கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குப் போனோம். துறையில் யாரோ அனுப்பிய வாசகம் திரையில் தயாராக இருந்தது: "பேராசிரியர் முனைவர் பச்சையம்மாள்." அன்பில் எழுதியதுதான். ஆனால் அண்ணன் கடைக்காரரிடம் சொன்னார்.

"தம்பி, அந்தப் பேராசிரியரை எடுத்துடு. கௌரவ விரிவுரையாளர்னு போடு."

"ஏண்ணே? எல்லாரும் ஜாஸ்தியாதான் போடச் சொல்வாங்க. நீங்க இன்னா கம்மி பண்றீங்க?"

"கம்மி இல்லப்பா. அவ்ளோதான்."

"முனைவர்?"

"அது இருக்கட்டும். அது அவளுது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் மாற்றினார். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமும் என்றில்லாமல், "இல்லாத பேராசிரியரைப் போட்டுக்கறதுக்கா பேப்பரை வேணாம்னு எழுதினா, அவ" என்றார்.

நான் இப்போது சுழலும் கருந்துளைகளைப் பற்றி வேலை செய்கிறேன். அவற்றைச் சுற்றி, தானும் சேர்ந்து சுழலும் ஒரு வகைப் புலம் தங்க முடியும் என்று பிறர் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் முதலில் நான் எழுதுவது, இந்த முடிவு எங்கே பொருந்தாது என்ற பத்தியை. அது எழுத வரவில்லையென்றால் மற்றதை எழுதுவதில்லை. பச்சையம்மாள் அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான். வேறெதையும் அவர் கொடுத்ததாக நான் சொல்லிக்கொள்ள முடியாது.